பலாத்தோல் வழக்கு

சண்டைக் காலம், பெட்ரோலுக்கு ரேஷன். ஐந்தருவியில் பழப்பாகு விற்கும் மாடத்தியையும், அவள் வடித்த ஒரு குடம் சாராயத்தையும் வாடகைக் காரில் ஏற்றினார் கலால் இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன்.

“ஐயா, இது குடிக்கதுக்கு இல்ல. மிஞ்சுத பலாத்தோலையும் அன்னாசித்தோலையும் புளிக்கவச்சு, ரெண்டு தடவை வடிச்சது. இதுல மோட்டார் ஓடும்.”

“கார் பலாத்தோல் திங்குமாக்கும்? தென்காசிக் கோர்ட்டுல சொல்லு. ஜெயில்லதான் இருப்பே.”

மாடத்தி குற்றாலநாதரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதி வழியில் கார் நின்றது.

“டேங்க் காலி, ஐயா,” என்றான் டிரைவர் கடற்கரை.

இன்ஸ்பெக்டர் பதறினார். கோர்ட்டு கூடும் நேரம்.

“குடத்துல இருக்கதை ஊத்திப் பாருங்க,” என்றாள் மாடத்தி. “ஓடலைன்னா குடிக்கத்தான் காய்ச்சினேன்னு நானே ஒத்துக்கிடுதேன்.”

“கேட்டுக்கிட்டியாலே கடற்கரை? நீதான் சாட்சி. கொஞ்சமா ஊத்து.”

கடற்கரை முழுக் குடத்தையும் கவிழ்த்துவிட்டான். கார் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. கோர்ட்டு வாசலில்தான் நின்றது.

“பிடித்த சாராயம் எங்கே?” என்றார் மாஜிஸ்திரேட்.

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். “அதுலதான் வந்தோம், ஐயா.”

வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்த மாடத்தி கடற்கரையிடம் சொன்னாள்: “சரியான நேரத்துல சாமி பெட்ரோலைத் தீத்து வச்சுது, தம்பி.”

கடற்கரை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பின்சீட்டைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு டின் நிறையப் பெட்ரோல் இருந்தது.

“நான் காய்ச்சல்ல கிடந்தப்ப தினமும் கஞ்சி கொண்டாந்தீயளே, அக்கா. அதையும் சாமி பாத்துக்கிட்டுதான இருந்திருக்கும்.”