மேட்டில் வழுக்கும் டிராக்டர்

“மாமா, உங்க சின்ன டிராக்டர் மேட்டுல ஏறாம வழுக்குதேன்னு மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்துட்டேன். சரியானதும் ரெண்டு வாரம் நான் எடுத்துக்கறேன்” என்றான் மச்சினன்.

மாமாவுக்கு வியர்த்தது. மச்சினன் இரவல் வாங்கிப் போன எந்த வண்டியும் போருக்குப் போன யானை மாதிரிதான் திரும்பும். தரமாட்டேன் என்றாலோ, மனைவி ஏழு ஜென்மத்துக்கும் பேசமாட்டாள்.

மெக்கானிக் ஆயில் அளவைப் பார்த்தார். ஃபில்டரைக் கழற்றினார். பெல்ட்டை அழுத்தினார். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்தவர், ஒரு யுகம் கழித்து எழுந்தார்.

“ஹைட்ராலிக் பம்ப் தேஞ்சிருச்சு தம்பி. பார்ட் வர்ற வரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாது.”

மச்சினன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும், மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் கையை விட்டு ஒரு கம்பியை அவிழ்த்தார்.

“இன்ஜின் ஓடாதப்ப வண்டியைக் கையால தள்ளுறதுக்குன்னு ஒரு லீவர் இருக்கு சார். அதைப் பாதி இழுத்துக் கட்டி வச்சா, சக்கரத்துக்கு முழு இழுவை போகாம புது வண்டிகூட வழுக்கத்தான் செய்யும்.”

மாமா தலையைச் சொறிந்தார். “நான்தான் கட்டினேன். அவன்கிட்ட ஏன் சொல்லல?”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நானும் ஒரு டிராக்டர் வச்சிருக்கேன் சார். எனக்கும் ஒரு மச்சினன் இருக்கான்.”