சொன்ன பேச்சு கேட்கும் மிஷின்

வீட்டு ஷெட்டில், தன் கையாலேயே செய்த, தானாக மரம் செதுக்கும் சி.என்.சி. மிஷினுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான் மாப்பிள்ளை. பார்க்க வந்திருந்தவர் மனைவியின் அண்ணன், மரச்சாமான் கடைக்காரர். மிஷின் பிடித்துவிட்டால் அவர் கடையில் விற்கும் கதவுகளுக்கெல்லாம் செதுக்கு வேலை இங்கேதான்.

“செதுக்குற பிட்டை மாத்திக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணுமே, மாப்ளே?”

“அதுவே மாத்திக்கும் மச்சான். வாயால சொன்னாப் போதும்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “மாத்து!”

புஸ்ஸென்று காற்று சீறியது. தடித்த பிட் கழன்று தட்டில் உட்கார, மெல்லியது ஏறிக்கொண்டது.

மச்சான் வாயைப் பிளந்தார். “அட! என் தங்கச்சிகூட உங்க பேச்சை இப்படிக் கேட்டதில்லையே. எங்கே அவ?”

“கடைக்குப் போயிருக்கா. அவகிட்ட ஒண்ணு சொன்னா ஒன்பது எதிர்க்கேள்வி வரும். இதுக்குக் கற்பூர புத்தி. பாருங்க... மாத்து!”

மிஷின் அசையவில்லை.

“மாத்து!”

ஊஹும். மாப்பிள்ளைக்கு வியர்த்துக்கொட்டியது. மிஷினோரம் குனிந்து, “வாய் தவறிச் சொல்லிட்டேன்மா. என் தங்கமில்ல, மாத்தும்மா...” என்று கெஞ்சினான்.

புஸ்! பிட் மாறியது.

“மிஷினுக்குக்கூட ரோஷம் வருதே!” என்று விழுந்து விழுந்து சிரித்த மச்சான், ஆர்டரை உறுதி செய்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும், மிஷினுக்குப் பின்னால் சாத்தியிருந்த பலகை நகர்ந்தது. கையில் சுவிட்சுப் பெட்டியும் தலையெல்லாம் மரத்தூளுமாக வெளியே வந்தாள் மனைவி.

“எரிஞ்சுபோன கன்ட்ரோல் போர்டுக்குப் பதிலா நாளைக்கே புதுசு வாங்கிடறேன்” என்றான் அவசரமாக.

“மெதுவா வாங்குங்க” என்றாள், தூளைத் தட்டிக்கொண்டே. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னைத் தங்கம்னு கூப்பிட்டிருக்கீங்க.”