பீச்சாங்கை நாயகர்கள்

ஐம்பத்திரண்டாம் வருஷம் காத்திவாக்கம் டெண்டுக் கொட்டகைக்கு வந்த வெளிநாட்டுப் படங்களில் எது உசத்தி என்று முடிவுகட்ட, மீனவர் குப்பமே மணலில் கூடி உட்கார்ந்திருந்தது.

ஜெயிக்கிற படத்தைக் கங்கையம்மன் திருவிழாவுக்கு மறுபடி ஓட்டுவதாகக் கொட்டகைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

குப்பத்து நாட்டார் வரதன் சொன்னால் அதுதான் தீர்ப்பு. அவர் மகள் மங்கைக்கோ படம் முக்கியமில்லை, பாஸ்கர்தான் முக்கியம்.

பாஸ்கர் கட்டுமரம் தள்ளுவதில் சூரன். ஒரே குறை, சோற்றை இடது கையால் அள்ளுவான். அதனாலேயே வரதன் பெண் கொடுக்க மறுத்தார். மங்கை அழுதாள், பட்டினி கிடந்தாள். அப்பன் மசியவில்லை.

"பீச்சாங்கையால துன்றவனுக்குப் பொண்ணக் குட்த்தா, பந்தில எவன் பக்கத்துல குந்துவான்?"

இளவட்டங்கள் இங்கிலீஷ் கத்திச்சண்டைப் படத்துக்குக் கை தூக்கினார்கள். பெண்களுக்கு இத்தாலிப் படம். அதில் எல்லாரும் மனசாரக் கதறி அழுதார்களாம்.

கொட்டகையில் வேர்க்கடலை விற்கிற மங்கைக்கு எல்லாப் படமும் மனப்பாடம். பிரெஞ்சுப் படம்தான் உசத்தி என்றாள். அதன் கதாநாயகன் ஒரு பிரபு. கல்யாண விருந்தில் உட்கார்ந்தவன் முக்கால் படம் வரை எழுந்திருக்கவே மாட்டான்.

"எந்தக் கையால துன்றான், சொல்லு நைனா?"

வரதன் யோசித்தார். அட, பீச்சாங்கை! கத்திச்சண்டைக்காரன் வாளை வீசியது? பீச்சாங்கை. இத்தாலிக்காரன் கண்ணைத் துடைத்தது? அதுவும் அதே கைதான்.

தமிழ்ப் படத்திலும் அப்படித்தானே என்று யாரோ முனகினார்கள். அது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று வரதன் அடக்கிவிட்டார்.

பிரெஞ்சுப் படம் ஜெயித்தது. சீமைப் பிரபுவே அப்படிச் சாப்பிடும்போது பாஸ்கரை மட்டும் குறை சொல்வானேன்? அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

திருவிழா மாலையில், மரியாதைக்காகக் கொட்டகைக்காரர் குப்பத்து ஜனங்களை உள்ளே அழைத்துப் பெஞ்சியில் உட்காரவைத்தார். படம் ஓடியது. பிரபு விருந்தில் அமர்ந்தான். கரண்டியை எடுத்தான்.

வலது கையால்.

மங்கைக்கு உயிரே போய்விட்டது. பாஸ்கர் தலையைத் தொங்கப்போட்டான். வரதன் துள்ளி எழுந்தார்.

"யோவ், படத்த மாத்திப் போட்டுக்கினு யார ஏமாத்துற?"

குப்பமே கூச்சல் போட்டுக்கொண்டு வெளியேறியது. வருஷம் பூராவும் ஓசியில் படம் பார்த்த தன் பழைய இடத்துக்கே, துணித்திரைக்குப் பின்னால் இருந்த மணலுக்கே, போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே பிரபு ஒழுங்காக இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வரதன் நிம்மதியாக மாப்பிள்ளையைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

வருஷம் பூராவும் திரைக்கு முன்னால் கடலை விற்ற மங்கை, கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். வாயைத் திறக்கவில்லை.