வெந்நீர் மகாராஜா

"உள்ளே இருக்கீங்களா, இல்ல கரைஞ்சு தண்ணியோட போயிட்டீங்களா?"

மாமியார் குளியலறைக் கதவைத் தட்டிய தட்டில், சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்த மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். அதற்குள் வாய்விட்டுச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. ஆவி முதலில் வந்தது. பின்னாலேயே மாமனார், தடித்த பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு.

"வந்துட்டாரு வெந்நீர் மகாராஜா" என்றார் மாமியார்.

"சொல்லுவே. ஏழு பேருக்கு ஒரே துண்டு இருந்த வீட்டுல நீ பொறந்திருக்கணும். நான்தான் கடைசி. என் முறை வரும்போது அந்தத் துண்டால துடைச்சா, இருக்குற ஈரம் போதாதுன்னு இன்னும் ரெண்டு பங்கு சேரும்!"

மருமகளின் கை நின்றது. அவள் வீட்டில் ஆறு பேர். ஒரே அறை, ஒரே வாளி. இப்போது நர்ஸ் வேலை, கையில் சம்பளம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. இந்த மூன்று நாளும் ஹீட்டர் சுவிட்சைத் தொடாமல், விடிந்தும் விடியாமலும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். மெத்தையிலும் ஓரமாக, இடம் கொடுத்தவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் படுத்தாள்.

நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிய வேகத்தில் அது பட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. மாமனாரோ சுவருக்குப் பூச்சு வேலை பார்ப்பதுபோல் கத்தியை இழுத்தார்.

"அப்பா, ரொட்டி எங்கே?" என்றான் அவள் கணவன்.

"உள்ள பத்திரமா இருக்குடா. நான்லாம் வெண்ணெயைக் கடைக் கண்ணாடி வழியா பார்த்தே வளர்ந்தவன்."

"கூடப் பொறந்தவங்க எல்லாரும் இப்ப எங்க இருக்காங்க மாமா?" மெல்லக் கேட்டாள் அவள்.

மாமனாருக்குப் புரையேறியது. மாமியார் அவர் தலையில் தட்டினார், கொஞ்சம் பலமாகவே.

"அங்கங்க இருக்காங்கம்மா" என்று தண்ணீர் குடித்தவர், "அது கிடக்கட்டும். குளியலறையில புது சோப்பு மேல பழைய சோப்பை ஒட்டி வச்சது யாரு?" என்றார்.

அவளுக்குக் காது வரை சுட்டது. யோசித்துச் செய்ததல்ல, தேய்ந்த சோப்பைப் பார்த்ததும் கை தானாகச் செய்துவிட்டது.

"நான்தான் மாமா. பழக்கம்..."

"அட, நம்ம ஆளு! எங்க வீட்டுலயும் ஒட்டுற வேலை எனக்குத்தான். ஆனா இவ்வளவு சுத்தமா நான் ஒட்டினதில்லம்மா. ஒட்டின இடமே தெரியல!"

"அம்மா, இனிமே இந்த வீட்டுல நமக்கு ஓட்டு கிடையாது" என்றான் கணவன்.

அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் முறையாக, பல் தெரிய.

மறுநாள் காலை அவள் ஹீட்டர் சுவிட்சைப் போட்டாள். வெந்நீர் தோளில் விழுந்தபோது ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது, அப்படியே நின்றாள். நேரம் போனதே தெரியவில்லை.

"அம்மாடி, நீயும் கரைஞ்சுட்டியா?" வெளியே மாமியாரின் குரல்.

"பாதிதான் அத்தை! இன்னும் பாதி இருக்கு!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

அதன்பிறகு அவளுக்கு அந்த வீட்டில் பயம் விட்டுப்போயிற்று. இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள். மெத்தையின் நடுவுக்கு வந்து, கணவனை ஓரத்துக்குத் தள்ளினாள். வெண்ணெயில் மாமனாருக்கே போட்டி கொடுத்தாள். ராத்திரி வேலை முடிந்து வந்தால், தன் பங்கு வெந்நீரை மகாராஜா தீர்த்துவிட்டார் என்று சண்டைகூடப் போட்டாள்.

ஒரு மாதம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மாமனாரின் பள்ளிக்கூட நண்பர் வந்தார். தையல்கடைக்காரர். மாமனார் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். வந்தவரை உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள் மருமகள்.

"மாமாவை உங்களுக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும்ல? பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு!"

"யாரு? உன் மாமனாரா?"

சமையலறையிலிருந்து மாமியார் பலமாக இருமினார். "அண்ணே, டீ ஆறுது, குடிங்க!"

தையல்கடைக்காரருக்கு அந்த இருமல் எட்டவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா ஏமாத்தியிருக்கான்மா! எங்க பள்ளிக்கூடத்துலயே கார்ல வந்து இறங்கின ஒரே பையன் அவன்தான். வீட்டுக்கு ஒத்தைப் பிள்ளை. அவன் அப்பாவோட மில்லுலதான் எங்க அப்பா மூட்டை தூக்கினாரு. கஷ்டப்பட்டது நான்மா, ஒரே ரூம்ல ஏழு பேரா!"

அவள் கையில் தட்டோடு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணும்மா. உங்க கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி என் கடைக்கு வந்து, என் சின்ன வயசுக் கதையை ஒண்ணு விடாம கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டுப் போனான்" என்றார் அவர், டீயை ஊதியபடி. "எதுக்குடான்னு கேட்டேன். 'வீட்டுக்கு ஒரு பொண்ணு வரப் போகுதுடா, அதுக்கு முன்னாடி நான் படிச்சு முடிக்கணும்'னான்."