பாங்கு சொல்லும் வாய்

“பொய் சத்தியம் பண்ணிட்டேன் ரப்பே! உன் பேரைச் சொல்லியே பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு!”

பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்துல் வதூது அப்படியே நின்றுவிட்டார்.

ஜும்மா தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. உள்ளே வேறு ஆள் இல்லை. பாங்கு சொல்லும் மோதினார் இஸ்மாயில் மட்டும் இரண்டு கைகளையும் ஏந்தி, தாடி நனைய அழுதுகொண்டிருந்தார்.

“வெக்கமா இருக்கு ரப்பே. இந்த வாயாலதானே உன்னைத் தொழ வாங்கன்னு ஊரைக் கூப்பிடணும்? எப்படிக் கூப்பிடுவேன்?”

வதூதுக்கு ரத்தம் கொதித்தது.

புவனகிரியில் அவர் பெரிய ஜவுளிக்கடைக்காரர். பள்ளிவாசல் முத்தவல்லியும் அவர்தான். மோதினாரை வைப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு. தப்பு என்று தெரிந்தால் கூடப்பிறந்தவன் என்றுகூடப் பார்க்கமாட்டார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளம் குளிரும்.

தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றார்.

“யாரும் போகாதீங்க. ஒரு விசயம் இருக்கு. மோதினாரே, இப்படி முன்னால வாங்க.”

இஸ்மாயில் வந்தார்.

“அல்லா மேல பொய் சத்தியம் பண்ணினீங்களா, இல்லையா?”

மோதினாரின் முகம் வெளுத்தது. “யாரு சொன்னது முதலாளி?”

“நீங்கதான் சொன்னீங்க. துஆ கேட்டு அழுதீங்களே, என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

கூட்டம் சலசலத்தது. பின்வரிசையிலிருந்து மிட்டாய்க்கடை மதார்சா, “அவரு அல்லாகிட்ட சொன்னதை நாம எதுக்கு விசாரிக்கணும்?” என்றார்.

“ஏன் விசாரிக்கக் கூடாது? இவரு பாங்கு சொல்லித்தானே நாம தொழ வர்றோம்? பொய் சத்தியம் பண்ணின வாயி பாங்கு சொன்னா, அதுக்குப் பேரு பாங்கா? சொல்லும்யா, எங்க பண்ணினீரு, எதுக்குப் பண்ணினீரு?”

மரியாதை குறைந்ததை எல்லோரும் கவனித்தார்கள். மோதினாரும் கவனித்தார்.

“பண்ணினது நெசம். படைச்சவன்கிட்ட ஒப்புக்கிட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க முதலாளி.”

“கேட்டா?”

“சொல்ல மாட்டேன்.”

வதூது கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பாருங்க! பாவமும் பண்ணுவாரு, திமிராவும் பேசுவாரு. இந்த நிமிசத்துலேருந்து நீர் மோதினார் இல்லை. ரூமைக் காலி பண்ணும்!”

இஸ்மாயில் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பள்ளிவாசலை ஒட்டிய அந்தச் சின்ன அறைதான் அவருக்கு வீடு. மனைவி ஆசியா உம்மாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவர் பின்னாலேயே நடந்தாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்கு வந்தும் வதூதுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல், மனைவி ஜொஹரா பீவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க ரெண்டு பேரும். போகட்டும். இப்படிப்பட்ட ஆளு ஊர்ல இருந்தா ஊருக்கே கேடு.”

ஜொஹரா பீவி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

“எல்லார் முன்னாலயுமா கேட்டீங்க?”

“பின்ன, ஒளிச்சு வச்சா கேக்கிறது?”

“நம்ம ரஃபியுதீனும் அங்க இருந்தானா?”

“என் பக்கத்துலதான் இருந்தான். லீவுக்கு வந்த புள்ள ஜும்மாவுக்கு வராம இருப்பானா?”

“அவன் வாயைத் தொறக்கலையா?”

“அவன் எதுக்குத் தொறக்கணும்?”

ஜொஹரா பீவி புருசனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“போன வாரம் நீங்க சரக்கெடுக்க மெட்ராஸ் போயிருந்தீங்க. புதுச்சேரியிலேருந்து பிராந்தி பாட்டிலோட பஸ்ஸுல வந்த உங்க புள்ளையைக் கடலூர்ல போலீஸ் புடிச்சு வச்சிடுச்சு. மதுவிலக்குக் கேஸு. உள்ள போனா சிதம்பரத்துப் படிப்பும் போச்சு, உங்க மானமும் போச்சு. நான்தான் முந்தானையை ஏந்தி மோதினாரை அனுப்பி வச்சேன். ‘அந்தப் பை இவனோடது இல்லைன்னு உங்க அல்லா மேல சத்தியம் பண்ணு, விட்டுடறேன்’னு இன்ஸ்பெக்டர் கேட்டாராம். அந்த மனுசன் பண்ணிட்டு வந்தாரு. உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு அவர்கிட்ட வாக்கு வாங்கினதும் நான்தான்.”

வதூது ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜொஹரா பீவி விடவில்லை.

“கையேந்தி அழுதவரைத் தெருவுல தள்ளிட்டு வந்திருக்கீங்க. அழ வேண்டியவன் உள்ளார உக்காந்துகிட்டு, இன்னும் கொஞ்சம் கறி இருக்காம்மான்னு கேக்கிறான். போங்க, போயி உங்க கையாலயே பரிமாறுங்க!”