காலிப் பட்டியல்

“உயிரோட இருக்கிறவங்களுக்கெல்லாம் எதுக்குடா நினைவுப் பூசைப் பட்டியல்?” என்று சிரித்தான் சதீஷ்.

ரெஜின் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஊர்ப் பங்குக் கோயிலுக்காக அவன் எழுதிய புரோகிராம் ஊர்ந்துகொண்டிருந்தது. இறந்தவர்களில் யார் நினைவாக, எந்த வருடம், யார் பூசை கொடுத்தார்கள் என்று அது காட்ட வேண்டும். கோயிலின் பழைய நோட்டுகளை அங்கே அலுவலகத்தில் இருப்பவர்கள் நேற்றுதான் அதில் ஏற்றி முடித்திருந்தார்கள்.

“எல்லாம் காலிப் பட்டியல்தானேடா. அதுல என்ன பாரம்?” என்றான் ரெஜின்.

“காலின்னா ஓசியா? ஒவ்வொண்ணுக்கும் மெமரியில இடம் பிடிக்கணும். நாலாயிரம் பேரு, ஆளுக்கு அம்பது வருஷம், வருஷத்துக்கு ஒண்ணு. பக்கத்தைத் திறக்கிறப்பல்லாம் ரெண்டு லட்சம் பட்டியல் செய்யுது. கோயில் கம்ப்யூட்டர், பூசைக்கு மணியடிக்கிற உபதேசியாரைவிடக் கிழம். பூசை பதிவாயிருந்தா மட்டும் பட்டியல் செய். சாப்பிட வராத ஆளுக்கு எவனாவது தட்டு வைப்பானா?”

சொன்ன பிறகுதான் சதீஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரெஜினின் அம்மா அருள்மேரி தரையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு, சதீஷுக்கு, தனக்கு. நான்காவது, கணவர் சகாயநாதனுக்கு. ஏழு வருடத்துக்கு முன்பு கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த அன்று, மாட்டை அவிழ்க்கப் போனவர். உடல் கிடைக்கவில்லை.

“அப்பாவுக்கு மீன் எடுத்து வச்சியாம்மா?” என்றான் ரெஜின்.

“வச்சாச்சுய்யா. வந்தா தலையைத்தானே கேப்பாரு.”

அவள் அடுப்படிக்குள் போனதும் சதீஷ் குரலைத் தாழ்த்தினான். “பெங்களூர் வேலைக்குப் பதில் சொல்ல இன்னிக்குத்தான் கடைசி நாள். என்ன சொல்லப் போற?”

“வரலைன்னுதான். நான் போயிட்டா அம்மாகூடச் சேர்ந்து அப்பாவுக்குக் காத்திருக்க யாரு இருக்கா? அவர் இல்லைன்னு எனக்குத் தெரியும்டா. அம்மாகிட்ட யாரு சொல்றது?”



ரெஜின் லேப்டாப் பக்கம் திரும்பி, சதீஷ் சொன்னபடி புரோகிராமில் அந்த ஒரு வரியை மாற்றினான். சோதித்துப் பார்க்கத் தன் குடும்பத்தின் எண்ணைத் தட்டினான். பக்கம் சட்டென்று திறந்தது. யாருக்கும் நினைவுப் பூசை கொடுக்காத வீடு. ஒரு பட்டியலும் உருவாகியிருக்கக் கூடாது.

ஏழு இருந்தன.

ஏழும் சகாயநாதன் பெயரில். வெள்ளம் வந்த அதே தேதி, வருடத்துக்கு ஒன்று. கொடுத்தவர்: அருள்மேரி. நோட்டில் இருந்த குறிப்பையும் அப்படியே ஏற்றியிருந்தார்கள்:

‘பூசையில் பெயரை வாசிக்க வேண்டாம். மகன் தாங்கமாட்டான்.’