எண் நாற்பது

மருத்துவ ஆய்வகத்துக்குள் நுழைந்த செபஸ்தியம்மாள், நான்கு வருடத்துக்கு முன் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தபோது தான் கைநாட்டு வைத்த ஒப்புதல் தாளை மேசைமேல் விரித்தாள். "எப்ப வேணாலும் விலகிக்கலாம்னு இதுல இருக்காமே. என் ரத்தத்துல என்ன கண்டீங்கன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. நான் விலகிக்கிறேன்."

நோயாளிகளின் மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசுவது தமயந்தியின் வேலை. அவள் செபஸ்தியம்மாளின் நாற்பதாம் எண் கோப்பைத் திறந்தாள். திரை முழுக்க நான்கே எழுத்துகள் மாறி மாறி ஓடின.

"இம்புட்டும் நானா?"

"நீங்கதான்க்கா."

ஆய்வகத் தலைவர் சுதர்சனம் விரைந்து வந்தார். "நாற்பது பேர் இல்லேன்னா நம்ம ஆய்வுக் கட்டுரையை இதழ்ல ஏத்துக்க மாட்டாங்க. நாளைக்கு அனுப்பணும். இதை அப்புறம் பாத்துக்கலாம், தமயந்தி."

"அப்புறம்னா எப்ப சார்?"

"கட்டுரையில உன் பேரும் இருக்கு. மறந்துடாத."

"மறக்கல சார்."

தமயந்தி எழுந்து, தன் நாற்காலியில் செபஸ்தியம்மாளை உட்காரவைத்தாள். அழிப்பதற்காக அந்தக் கோப்பையும் அதன் பிரதிகளையும் விடாமல் தேர்ந்தெடுத்தாள். அழிக்கலாமா என்று கணினி கேட்டது. செபஸ்தியம்மாளின் சொரசொரத்த விரலைப் பிடித்து விசைமேல் வைத்தாள்.

"அழுத்துங்கக்கா."

செபஸ்தியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திரை வெறுமையானது.

"தமயந்தி!" என்று கத்தினார் சுதர்சனம்.

அவள் திரும்பவில்லை. கட்டுரையைத் திறந்து, முதல் வரியிலேயே இருந்த நாற்பதை முப்பத்தொன்பது என்று நின்றபடியே திருத்தினாள். அடுத்த வரிக்குப் போனாள்.